கோயிலுக்கு நாற்பது நிமிடம், கடைக்கு ஐம்பது

மெக்சிகோவின் மாயர் தொல்நகரான சிச்சென் இட்சாவின் வாசலில் எங்கள் பேருந்து வந்து நின்றபோது அங்கே பிற்பகல் மணி 1.40, கான்கூன் கடிகாரத்தில் 2.40. கான்கூன் விடுதி வாசலில் காலை ஆறரைக்கு ஏறியவர்கள் நாங்கள். தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரப் பாதை. வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வழியில் ஒரு கிணற்றில் நீந்திவிட்டு வந்ததால் ஐம்பது பேரில் பாதிப் பேருக்கு நீச்சல் உடை இன்னும் காயவில்லை. வழிகாட்டி கொடியை உயர்த்திப் பிடித்து, "நாற்பது நிமிடம் நான் பேசுவேன், முப்பது நிமிடம் உங்களுக்கு, அதற்குப் பிறகு வண்டி நிற்காது" என்றார்.

அந்த நாற்பது நிமிடத்தில் குகுல்கான் கோயிலின் முன்னால் நிறுத்திக் கைதட்டிக் காட்டினார். எதிரொலி கெட்சல் பறவை கத்துவதுபோல் திரும்பி வந்தது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சி மேடையோடு சேர்த்தால் 365 என்று கணக்குச் சொன்னார். 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்டக் களத்துக்குக் கூட்டிப்போனார். அவ்வளவுதான். வட்டக் கோபுரத்தோடு நிற்கும் வானோக்குக் கட்டடத்தின் பக்கமே போகவில்லை. அந்த ஊருக்கே பெயர் தந்த கிணற்றைப் பற்றி எங்களோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார். கோயிலிலிருந்து வடக்கே சுமார் 300 மீட்டர் நடந்தால் புனிதக் கிணறு. "அதற்கு நேரம் இல்லை சார்" என்று பதில் வந்தது. அன்று காலை வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் வண்டியை நிறுத்தி எங்களை ஐம்பது நிமிடம் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்கு நேரம் இருந்தது.

சென்ற ஜனவரியில் எங்கள் ஆசிரியர் குழுவினர் இருவர் பணம் கட்டிப் போய்வந்த ஒருநாள் சுற்றுலா இது. 'மாயன் நாகரிகமும் சாகசமும் ஒரே நாளில்' என்று அச்சடித்துத்தான் விற்றார்கள். டொராண்டோவிலும் டல்லாஸிலும் இருக்கும் நம் வாசகர்கள் பலர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதே சுற்றுலாவுக்குப் போகிறார்கள். போய்வந்து எங்களுக்கு எழுதியவர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. இந்த வியாபாரமே இப்படித்தான் நடக்கிறது. இதைக் கண்டிக்கிறோம். திருத்தச் சொல்கிறோம்.

முதலில் நேரத்தில் நடக்கும் ஏமாற்று. கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-இல் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. சிச்சென் இட்சா இருக்கும் யூகட்டான் மாநிலம் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. கான்கூனில் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பினால் சிச்சென் இட்சாவில் ஏழரை மணிக்கு நிற்கலாம். வாசல் திறப்பது எட்டு மணிக்கு. வெயில் ஏறும் முன், கூட்டம் சேரும் முன், கல்லின் மேல் சாய்வெளிச்சம் விழும் நேரத்தில் இரண்டரை மணி நேரம் நிதானமாக நடந்து பார்க்கலாம். புழுங்கிய உடம்போடு பிறகு கிணற்றில் குதித்தால் அந்தத் தண்ணீரின் அருமையும் தெரியும். கடிகாரத்தால் ஒரு மணி நேரம் தானாகவே கையில் கிடைத்திருக்கிறது. அதை எங்கே செலவழிக்கிறார்கள்? ஐந்து விடுதிகளில் ஆள் பொறுக்கவும், ஒரு வணிக வளாகத்தில் வண்டி மாற்றவும், கமிஷன் தரும் கடையில் நிற்கவும். கோயில் கடைசியில் வருகிறது. நடுவெயிலில், களைத்த கண்களோடு, ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியதாகிறது.

வழிகாட்டியைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. கடையில் எத்தனை நிமிடம், கோயிலில் எத்தனை நிமிடம் என்று வகுப்பவர் அவர் அல்லர். நிமிடத்தை வகுப்பவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். எங்கள் கண்டனம் அவர்களுக்கு.

நேரத்தைவிடப் பெரிய தவறு இன்னொன்று உண்டு. 'வரலாறு தனி, கொண்டாட்டம் தனி' என்று இரண்டாகப் பிரித்து விற்கிறார்களே, அந்தப் பிரிவினையே பொய். யூகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை கல்லின் துளைகளில் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்த நீர் வெளியே தெரியும். ஸ்பானியர் செனோட்டே என்று அழைத்த கிணறு அதுதான். அந்தச் சொல்லும் அவர்களுடையதன்று, 'ட்ஸோனோட்' என்ற மாயச் சொல்லின் திரிபு. கிணறு இருந்த இடத்தில் ஊர் எழுந்தது, ஊர் இருந்த இடத்தில் கோயில் எழுந்தது. சிச்சென் இட்சா என்றால் இட்சா மக்களின் கிணற்று வாய் என்று பொருள். பெலீஸ் நாட்டின் அல்துன் ஹா என்ற தொல்லிடத்தின் பெயரில் உள்ள 'ஹா'வும் தண்ணீர்தான். குகையும் கிணறும் மாயர்களுக்குப் பாதாள உலகத்தின் வாசல். மழைத் தெய்வமான சாக் குடியிருக்கும் இடம். மழை பொய்த்த ஆண்டுகளில் பச்சைக் கல்லையும் பொன்னையும் சாம்பிராணி போன்ற கோபல் பிசினையும் மனித உயிரையும் அந்த நீரில் இட்டார்கள். 1904 முதல் சில ஆண்டுகள் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றைத் தூர்வாரி எடுத்தவை அவைதான். அவற்றில் பெரும்பகுதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

நாங்கள் குதித்து நீந்திய அந்தக் கிணறும் இதே நிலத்தடி நீரின் இன்னொரு கண்தான். இந்த ஒரு வாக்கியத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் போதும். நாங்கள் கம்பியில் சறுக்கி அதைக் கடந்தோம். உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மிதந்தோம். மேலே ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. எங்களோடு நீந்திக்கொண்டிருந்த ஒரு பத்து வயதுப் பெண், "அப்பா, இந்த ஓட்டையை யார் தோண்டினாங்க?" என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை. கரையில் நின்ற பணியாளர் புகைப்படத்துக்குக் காசு கேட்டார். சாகசத்தை நாம் குறைசொல்லவில்லை. பிள்ளைகள் குதிக்கட்டும், மிதக்கட்டும், கத்தட்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை நிறுத்தாத நிறுவனம் 'மாயன்' என்ற சொல்லை விளம்பரத்தில் போடக் கூடாது.

அதே நீர்தான் அந்தத் தீபகற்பத்து மக்களுக்குக் குடிநீர். அதுவே நிலத்துக்கு அடியில் ஓடிக் கடலில் கலந்து பவளப் பாறையைத் தொடுகிறது. உடம்பில் பூசிய வெயில்காப்புக் களிம்பையும் கொசு எண்ணெயையும் குளித்துக் கழுவிவிட்டு இறங்க வேண்டும் என்ற விதியைச் செனோட்டே வாசல்கள் பலவற்றில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன இடத்திலும் பலகை இருந்தது. அதன் கீழே இருந்த குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்னால் அடுத்த பேருந்துக் கூட்டம் காத்திருந்ததால், கழுவாமலே இறங்குங்கள் என்று அவசரப்படுத்தினார்கள்.

மூன்றாவது குற்றம் எல்லாவற்றிலும் கொடியது. பேருந்தில் ஒலிபெருக்கியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது இது: மாயர்கள் ஒருநாள் திடீரென்று மறைந்துபோனார்கள், எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஓட்டுநர் கைப்பேசியில் தன் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நின்றபோது அவரிடம் அது என்ன மொழி என்று கேட்டோம். "மாயா" என்றார். வீட்டில் எல்லோரும் அதுதான் பேசுவார்களாம். தண்ணீருக்கு 'ஹா', நல்லது என்பதற்கு 'மாலோப்' என்று இரண்டு சொல் கற்றுத்தந்தார். யூகட்டானிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் அந்த மொழியைப் பேசுபவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் என்கிறது மெக்சிகோவின் 2020 மக்கள்தொகைக் கணக்கு. குவாத்தமாலாவிலும் பெலீஸிலும் மெக்சிகோவின் சியாபாஸிலும் வழங்கும் மற்ற மாய மொழிகளைச் சேர்த்தால் மொழிகளே முப்பதுக்குப் பக்கம். பேசுபவர்கள் பல லட்சம். அவர்களில் ஒருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் மறைந்துபோனார்கள் என்று அவர் காதுபடச் சொல்வதா?

தெற்குச் சமவெளியின் பெரிய நகரங்கள் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வறட்சியாலும் போராலும் அரசர்களின் வீழ்ச்சியாலும் காலியாயின. அது உண்மை. அதற்குப் பிறகும் சிச்சென் இட்சா செழித்தது; அதன் பின் மாயப்பான் எழுந்தது. கடைசி மாய அரசின் தலைநகரான நோஹ்பெத்தேன் ஸ்பானியர் கையில் விழுந்தது 1697-இல். மறைந்த மக்களை எதிர்த்தா ஸ்பானியர் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் போரிட்டார்கள்? 1562 ஜூலையில் மனி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தே லந்தா மாயர்களின் சுவடிகளைக் குவித்துத் தீவைத்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு சுவடிகள். ஏடு எரிந்த வலி தமிழருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். எழுத்தைச் சுட்டார்கள், நிலத்தைப் பறித்தார்கள். 1847-இல் மூண்ட யூகட்டான் மாயர் எழுச்சி அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயர்கள் என்று 1999-இல் அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையமே எழுதியது. 2015 ஏப்ரலில் பெலீஸின் தென்கோடியில் டொலேடோ மாவட்டத்து மாயக் கிராமங்கள் தங்கள் மரபு நில உரிமையைக் கரீபிய நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டின. இத்தனைக்கும் பிறகு ஒரு மக்களை 'மர்மமாக மறைந்தவர்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்வது அறியாமை என்றுகூட மன்னிக்க முடியாதது. அந்தப் பொய்யில் ஒரு வசதி இருக்கிறது. மக்கள் இல்லை என்றாகிவிட்டால் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் தலையில் இறகு வைத்துக்கொண்டு நால்வர் ஆடினார்கள். தலையில் கண்ணாடிப் பாட்டிலை நிறுத்தியபடி ஆடிய பெண்ணின் ஆட்டம் நன்றாகவே இருந்தது. அது யூகட்டானின் சொந்த நாட்டுப்புற ஆட்டம். அதற்குப் பின் ஒருவர் புகை போட்டு 'மாயன் ஆசீர்வாதம்' என்று எல்லோர் தலையிலும் இலையால் தட்டிவிட்டுத் தட்டு நீட்டினார். மாயக் கிராமங்களில் இன்றும் மழைக்காகச் 'சா சாக்' என்ற சடங்கு செய்கிறார்கள். அதை நடத்தும் பூசாரியை ஹ்மேன் என்பார்கள். உயிரோடிருக்கும் ஒரு வழிபாட்டைச் சோற்றுத் தட்டுக்கு நடுவில் இப்படிப் போலியாக்குவதற்கு யார் அனுமதி தந்தது? நம் ஊர்க் கோயில் பூசையை ஒரு விடுதி மண்டபத்தில் இப்படி நடத்திக் காசு வாங்கினால் சும்மா இருப்போமா?

இந்த இடத்தில் நம்மவர்களுக்கும் ஒரு சொல். மாயன் என்ற பெயரைக் கேட்டதும் நம் புராணச் சிற்பி மயனோடு முடிச்சுப் போட்டு, அந்தக் கோபுரங்களைக் கட்டியது நம் சிற்பிகள்தான் என்று பேசித் திரிகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அன்று எங்கள் பேருந்திலேயே ஒருவர் அதைப் பெருமையோடு சொன்னார். ஓசை ஒத்துப்போவது சான்று ஆகாது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துக் கிராமத்தில் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்பவனும் நாம் கட்டினோம் என்பவனும் அவர்கள் கையிலிருந்து ஒரே பொருளைத்தான் பிடுங்குகிறார்கள்.

கப்பல் சுற்றுலாவின் கதை இதைவிட மோசம். பெலீஸ் நகரக் கரையில் ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிடுகின்றன. சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மாலைக்குள் திரும்ப வேண்டும். நடுவில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குள் அல்துன் ஹாவையும் குகை ஆற்றில் மிதவை விடுவதையும் சேர்த்து விற்கிறார்கள். அல்துன் ஹா நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். மிதவை விடும் நோஹோச் சேன் குகைகள் மேற்கே. வடக்கே போய்த் திரும்பி மறுபடி மேற்கே போக வேண்டும்! வரைபடத்தைப் பார்த்தவன் இப்படி ஒரு திட்டம் போடமாட்டான். அதே அல்துன் ஹாவில்தான் 1968-இல் டேவிட் பெண்டர்காஸ்ட் என்ற அகழ்வாய்வாளர் நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள பச்சைக் கல் தலை ஒன்றை ஒரு கல்லறையிலிருந்து எடுத்தார். மாய உலகத்தில் கிடைத்த பச்சைக் கல் சிற்பங்களில் மிகப் பெரியது அது. அந்தக் கல்லறை எந்தக் கோபுரத்தில் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் வண்டி ஊதிவிடும். மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து: குகை ஆறு சட்டென்று பெருகும். நீர் ஏறினால் குகையை மூடத்தான் வேண்டும். மூடினால் பணம் திரும்ப வருமா என்பதை ரசீதில் எத்தனை நிறுவனங்கள் எழுதுகின்றன?

முடியாதது எதையும் நாம் கேட்கவில்லை. அதற்குச் சாட்சி அதே பெலீஸில், கயோ மாவட்டத்தில் இருக்கிறது. ஆக்டுன் துனிச்சில் முக்னால் என்ற குகைக்குள் போக ஆற்றைக் கடந்து, வாசல் குளத்தில் நீந்தி, கழுத்தளவு நீரில் பாறை இடுக்குகளில் நுழைந்து போக வேண்டும். இதைவிடச் சாகசம் வேண்டுமா? உள்ளே மேல் அறையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பானைகளும் பலி கொடுக்கப்பட்டவர்களின் எலும்புகளும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஓர் இளம் உடலின் எலும்பின்மேல் சுண்ணாம்புப் படிகம் படர்ந்து மின்னுகிறது. அந்த அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடுதான் நடக்க விடுகிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அவரோடு சிறு குழுவாகத்தான் போக வேண்டும். 2012-இல் ஒரு பயணி கேமராவைத் தவறவிட்டு ஒரு மண்டையோட்டை உடைத்தார். அன்றிலிருந்து கேமராவுக்கே தடை. படம் எடுக்க முடியாது என்று தெரிந்தும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டுப்பாடு வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதம் அந்தக் குகை வாசலிலேயே செத்துப்போகிறது.

யூகட்டானிலும் நல்ல இணைப்புக்கு இடம் இருக்கிறது. வல்லாடோலிட் நகருக்கு வடக்கே எக் பலாம். கோபுரத்தின் நடுவே பல் விரித்த பூதத்தின் வாய்போல் சுதையில் செய்த வாசல். அதற்குள் உகித் கான் லேக் தோக் என்ற அரசனின் கல்லறை. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஷ்கான்சே என்ற செனோட்டே, உள்ளூர் மாயக் கிராமத்தார் நடத்துவது. சைக்கிளில் போகலாம், கயிற்றில் இறங்கலாம், நீந்தலாம். கட்டிய காசு அந்த ஊருக்கே போகிறது. இதைத் தேடிப் போகும் வாசகர் பெரிய பேருந்துச் சுற்றுலாவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே கான்கூன், துலும், கோசுமெல், பெலீஸ் பக்கம் ஒருநாள் சுற்றுலா விற்கும் நிறுவனங்களிடமும், கப்பலில் அவற்றை விற்றுக் கமிஷன் வாங்குகிறவர்களிடமும், டொராண்டோவிலும் ஹூஸ்டனிலும் நம் மக்களுக்கு அவற்றை முன்பதிவு செய்துதரும் தமிழ் முகவர்களிடமும் நாம் கேட்பது இது. தொல்லிடத்தில் நிற்கும் நிமிடம் எவ்வளவு, கடையில் நிற்கும் நிமிடம் எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். தொல்லிடம் முதலில், தண்ணீர் அதற்குப் பிறகு என்று வரிசையை மாற்றுங்கள். சிச்சென் இட்சாவில் மத்திய அரசுக்கு ஒன்றும் மாநில அரசுக்கு ஒன்றும் ஆக இரண்டு கட்டணம் உண்டு. அதை மறைத்து மலிவு விலை காட்டி, வாசலில் ரொக்கமாகக் கறப்பதை நிறுத்துங்கள். எங்களிடமும் அப்படித்தான் கறந்தார்கள். குகுல்கான் படியேறத் தடை வந்தது 2006-இல். ஏறி நின்று கைவிரிக்கும் படத்தை இன்னும் விளம்பரத்தாளில் போடாதீர்கள். வழிகாட்டியின் அரசு அடையாள அட்டை கழுத்தில் தெரிய வேண்டும், 'மறைந்துபோனவர்கள்' என்ற சொல் அவர் வாயிலிருந்து போக வேண்டும். ஐம்பது பேருக்கு ஒருவர் என்பது வழிகாட்டல் ஆகாது. பதினைந்துக்கு மேல் வேண்டாம். போலி ஆசீர்வாதத்தை இன்றே நிறுத்துங்கள்.

வாசகர்களுக்கும் பொறுப்பு உண்டு. முன்பதிவுக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்: வாசலுக்கு எத்தனை மணிக்குப் போவோம், உள்ளே எவ்வளவு நேரம், வழியில் கடை உண்டா, வழிகாட்டி உள்ளூர்க்காரரா. எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். எது மலிவு என்று மட்டும் பார்த்து நாம் வாங்கியதால்தான் கடை ஐம்பது நிமிடமாக வளர்ந்தது.

கிணற்றைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவர் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகன் கட்டிய பணம். அந்தக் கிணற்றைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். குறிப்பேட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

டிசம்பரில் கூட்டம் தொடங்குகிறது. அதற்கு முன் நிமிடக் கணக்கோடு கூடிய புதிய அட்டவணை உங்கள் விளம்பரத்தாளில் வர வேண்டும். வெளியிடும் நிறுவனங்களின் பட்டியலை இந்தப் பக்கத்தில் அச்சிடுவோம். வெளியிடாதவர்களின் சுற்றுலா விளம்பரம் இனி இந்த இதழில் வராது.